அநீதியில் கல்விக்கூடங்களுக்குப் பங்கு இருக்கலாமா?

எங்கோ ஒரு நாட்டில் மக்கள் நிறத்தின் பெயரால் ஒடுக்கப்படும்போது, "பாடம் நடத்துவதே எங்கள் வேலை" என்று பல்கலைக்கழகங்கள் ஒதுங்கிக்கொள்ளலாமா? தென்னாப்பிரிக்காவின் அண்மைக்கால வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது.

அங்கு 1948-இல் ஆட்சிக்கு வந்த வெள்ளையர் கட்சி நிறவெறியைச் சட்டமாக்கியது. வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் அமைச்சரின் அனுமதியின்றிக் கறுப்பின மாணவர்கள் சேர முடியாது என்றது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். இந்த அநீதியை எதிர்த்த கேப்டவுன் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் (ரஹ்) 1969-இல் கைதாகி, 123 நாட்களுக்குப் பின் காவலிலேயே வஃபாத்தானார்கள். படிக்கட்டில் விழுந்தார் என்றது காவல்துறை. சித்திரவதையே காரணம் என்று நீதிமன்றம் சொல்ல 2023 ஆகிவிட்டது.

இதில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு என்ன தொடர்பு? தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்திய நிறுவனங்களின் பங்குகளை அவை வைத்திருந்தன. அந்த இலாபமும் சேர்ந்தே அங்கு கல்வி நடந்தது. மாணவர்கள் கேள்வி எழுப்பினர். 1977-இல் ஹாம்ப்ஷயர் கல்லூரி அப்பங்குகளைக் கைவிட்டது. 1985-இல் கொலம்பியா மாணவர்கள் ஒரு கட்டடத்தின் வாயிலை மூன்று வாரம் மறித்து அமர்ந்தனர்; அவ்வாண்டே நிர்வாகம் இணங்கியது. 1986-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஏறத்தாழ 300 கோடி டாலர் முதலீட்டை விலக்கிக்கொள்ள முடிவெடுத்தது. 1990-இல் விடுதலையான நெல்சன் மண்டேலா, அதே ஆண்டு கலிஃபோர்னியா வந்தபோது அந்த மாணவர் போராட்டத்தை நினைவுகூர்ந்து பாராட்டினார்.

நிறுவனங்கள் வெளியேறினால் கறுப்பினத் தொழிலாளர்களே பாதிக்கப்படுவர் என்ற வாதமும் அன்று இருந்தது. அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் பொருளாதாரத் தடையைக் கேட்டவர்களில் டெஸ்மண்ட் டுட்டு போன்ற அம்மக்களின் தலைவர்களே முன்னணியில் நின்றனர். பல்கலைக்கழகம் நடுநிலை காக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. இலாபத்தில் பங்கு பெறுபவர் எப்படி நடுநிலையாளர் ஆவார்?

அநீதி இழைப்பவனின் கையைத் தடுப்பதே அவனுக்கும் செய்யும் உதவி என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். பொருளை எவ்வழியில் ஈட்டினோம், எவ்வழியில் செலவிட்டோம் என்று மறுமையில் விசாரணை உண்டு என்றும் எச்சரித்தார்கள். முதலீட்டை விலக்குவது இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் செயல். பாதிக்கப்பட்டவர் நம் சமுதாயத்தவரா என்று பார்த்து நீதி பேசுவதும் நம் மார்க்கம் அல்ல.

பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கும்போது கட்டணம் எவ்வளவு, வேலை கிடைக்குமா என்று விசாரிக்கிறோம். அநீதியைக் கண்டால் கேள்வி கேட்கும் துணிவையும் அவர்களுக்குக் கொடுத்து அனுப்புவோம். அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக!