நெஞ்சு அறுவைக்குப் பின் வலி: எந்த முறை யாருக்கு?

விலா எலும்புகளை விலக்கி மார்பைத் திறந்து செய்யும் நுரையீரல் அறுவை, மிகக் கடுமையான வலி தரும் அறுவைகளில் ஒன்று. கையிலோ காலிலோ புண் என்றால் அசையாமல் வைத்துக்கொள்ளலாம். மார்பு ஒவ்வொரு மூச்சுக்கும் விரிந்தே தீர வேண்டும். வலிக்குப் பயந்து இருமலை அடக்கினால் சளி தேங்கும், நிமோனியா வரலாம். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுவதும், மூச்சுப் பயிற்சிக் கருவியை உறிஞ்சி அதிலுள்ள மூன்று பந்துகளையும் மேலே எழுப்புவதும் வலி அடங்கினால்தான் முடியும். மார்ஃபின் அளவு கூடினாலோ மூச்சே மந்தமாகும். அதனால் நரம்பை மட்டும் மரக்கச் செய்யும் முறைகள் தேவைப்படுகின்றன.

நெடுங்காலம் முதலிடம் எபிடியூரலுக்கே. தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாயைச் செருகி, புபிவகெய்ன் போன்ற மருந்தைத் தொடர்ந்து செலுத்துவார்கள். மார்பின் இரு பக்கமும் மரக்கும். ஆனால் ரத்த அழுத்தம் குறையலாம். சிறுநீர் கழிக்க முடியாமல் போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்குத் தண்டுவடத்தின் அருகே ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு. அது அரிது, ஆனால் கால்களையே முடக்கக்கூடியது.

பாராவெர்டிப்ரல் முறையில், முதுகெலும்பின் ஓரத்தில் நரம்புகள் வெளிவரும் இடத்தில் மருந்து சேர்கிறது. அறுவை நடந்த பக்கம் மட்டும் மரக்கும். ஜெர்மனியின் ஹ்யூகோ செல்ஹைம் 1905-இல் தொடங்கிய இம்முறை, இடையில் மறக்கப்பட்டு, 1979-க்குப் பின் மீண்டும் வழக்குக்கு வந்தது. எபிடியூரலோடு இதை ஒப்பிட்ட ஆய்வுகளில் வலி நிவாரணம் ஏறத்தாழ சமம். அழுத்தக் குறைவு, குமட்டல், அரிப்பு, சிறுநீர் அடைப்பு ஆகியவை இதில் குறைவு.

விலா இடை நரம்பு ஊசி எளிது. ஆனால் பல விலாக்களுக்குத் தனித்தனியே போட வேண்டும். ஒருமுறை போட்டால் சில மணி நேரமே தாங்கும். மருந்து ரத்தத்தில் வேகமாகக் கலப்பதால் அளவில் கவனம் வேண்டும். அல்ட்ராசவுண்ட் பார்த்துத் தசை அடுக்குகளுக்கு இடையே மருந்தைப் பரவவிடும் செராட்டஸ் முறை 2013-இலும், எரெக்டார் ஸ்பைனே முறை 2016-இலும் விவரிக்கப்பட்டன. இவற்றில் ஊசி தண்டுவடத்தை நெருங்குவதில்லை. நரம்பை உறையவைக்கும் கிரையோ முறையின் பலன் வாரக்கணக்கில் நீடிக்கும். மரமரப்பும் அப்படியே நீடிக்கும்.

மார்பைப் பெரிதாகத் திறந்தால் எபிடியூரல் அல்லது பாராவெர்டிப்ரல், சிறுதுளை அறுவை என்றால் பாராவெர்டிப்ரல் அல்லது எரெக்டார் ஸ்பைனே என்பது இன்றைய பொதுவான தேர்வு. எதுவானாலும் கூடவே பாராசிட்டமால் போன்ற மருந்துகளும் வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மருந்து, ஒவ்வாமை ஆகியவற்றை நோயாளி முன்பே மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பிறகு வலியைப் பற்றிக் கேட்கும்போது, படுத்திருக்கையில் எப்படி என்பதோடு இருமும்போது எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருந்து போதுமா என்பதை அந்த இருமலே காட்டும்.