ஓடும் சர்வரும் காப்பு நகலும்

ரெங்கத்திலிருந்து ரயில் பாதையோடு தெற்கே போனால், லாயாங்-லாயாங்கைத் தாண்டிக் கூலாய் வருகிறது. அங்கே கூலாய் யங் எஸ்டேட் என்ற பெயரில் தோட்டமாக இருந்த நிலத்தில் இன்று வொய்.டி.எல். நிறுவனத்தின் தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன. செம்பனை நின்ற செடெனாக்கிலும் இதே கதைதான். அந்தப் பெரிய கட்டடங்களுக்குள் என்னதான் நடக்கிறது, நம் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போனால் எதைக் கவனிக்கச் சொல்வார்கள் என்று பெற்றோர் கேட்பது இயல்பே. அங்கே இரவு பகலாக நடக்கும் வேலைகளுள் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

பலருக்கு ஒரே நேரத்தில் விடை சொல்லிக்கொண்டிருக்கும் கணினியைச் சர்வர் என்கிறோம். அந்தக் காலத்துப் பிரட்டுக்களத்தை நினைத்துப் பாருங்கள். விடியும் முன்பே ஆள்கள் வரிசையில் நிற்க, கிராணியார் செக்ரோலில் பேர் பதிவார். அந்தப் புத்தகம் மழையிலோ தீயிலோ போய்விட்டால் மாதச் சம்பளக் கணக்கே போய்விடும். ஆகவே அதற்கு ஒரு பிரதி தேவை. ஆனால், ஆள்கள் வரிசையில் நிற்கும்போதே கிராணியார் பிரதி எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும்? வரிசை நகராது, மலைக்குப் போக நேரமாகும். சர்வரின் சங்கடமும் இதுவே. அதன் பிரதியைக் காப்பு நகல், அதாவது பேக்கப் என்பர்.

வரிசை நகரவில்லை என்ற முணுமுணுப்பு எழும்போது நகலெடுப்பையே நிறுத்திவிடத் தோன்றும். அதன் விலை என்ன என்பதைத் தென்கொரியா கண்டது. 2025 செப்டம்பர் 26 அன்று அந்நாட்டின் டேஜியோன் நகரிலிருந்த அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலத்திலிருந்து தீ பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் எரிந்து போயிற்று. அதில் இருந்தது 858 டெராபைட். ஒரு டெராபைட் என்பது ஏறக்குறைய ஆயிரம் கிகாபைட். வேறிடத்தில் அதற்கு நகல் இல்லை. அளவோ மிகப் பெரிது, சேமிப்பு அமைப்போ வேகம் குறைந்தது, ஆதலால் வெளியே நகல் வைக்க முடியவில்லை என்று அதிகாரிகள் விளக்கம் கூறினார்கள். சுமை தாங்காது என்று விடப்பட்ட நகல்தான், தீ வந்த அன்று தேவைப்பட்டது.

நகலெடுப்பு ஏன் இவ்வளவு பாரமாகிறது? நகலெடுக்கும் மென்பொருள் முதலில் வட்டில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் படிக்கவேண்டும். அதே வட்டைத்தான் வாடிக்கையாளரும் அந்நேரம் கேட்டுக்கொண்டிருப்பர். பிறகு இடம் மிச்சமாவதற்காக அதைச் சுருக்கும். அதற்குக் கணினியின் மூளை உழைக்கவேண்டும். அப்புறம் கம்பி வழியே வேறோர் இடத்துக்கு அனுப்பும். ஆக, மூன்று இடத்திலும் நெரிசல்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் ஒரு டெராபைட்டை எடுக்க 10,000 வினாடி ஆகும். அதாவது 2 மணி 47 நிமிடம். ஆனால் ஒரே நாளில் எல்லாக் கோப்பும் மாறிவிடுவதில்லை. நூற்றில் இரண்டு பங்குதான் மாறியது என்றால், அதை மட்டும் எடுக்க 200 வினாடி போதும். மூன்றரை நிமிடம்கூட இல்லை! சுமையைக் குறைக்கும் வழிகளில் நாம் முதலிடம் தருவது இதற்குத்தான். கிராணியார் புத்தகம் முழுவதையும் தினம் எழுதாமல், இன்று பதிந்த வரிகளை மட்டும் பிரதியில் சேர்ப்பது போன்றது இது. ஒரு கோப்புக்குள்ளேயே மாறிய பகுதியை மட்டும் கண்டுபிடித்து அனுப்பும் ஆர்சிங்க் என்னும் மென்பொருளை ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கராசும் 1996-இல் வெளியிட்டார்கள். இன்றும் அது உலகெங்கும் உழைத்து வருகிறது.

ஆனால் ஒன்று: எது மாறியது என்று தேடுவதும் வேலைதான். பல லட்சம் சிறு கோப்புகள் இருந்தால், அவற்றின் பெயரையும் தேதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே சர்வரைத் திணறடிக்கும். மாறியவற்றை அவ்வப்போதே குறித்துவைக்கும் ஏற்பாடு இருந்தால் இந்தத் தேடல் மிச்சம்.

அடுத்தது நேரம். உங்கள் கைப்பேசியில் உள்ள வாட்ஸ்அப் அதிகாலை 2 மணிக்குத் தன் நகலை எடுத்துக்கொள்வதைச் சிலர் கவனித்திருக்கலாம். வீடு உறங்கும் நேரம் அது. சர்வருக்கும் அப்படி ஒரு நேரம் பார்க்கவேண்டும். ஆனால் நம் சுவர்க்கடிகாரத்தை நம்பக்கூடாது. கூலாயில் இருக்கும் சர்வர் லண்டன் மக்களுக்கு உழைப்பதாக வைத்துக்கொள்வோம். நமக்கு இரவு 2 மணி என்றால், அங்கே மாலை 6 அல்லது 7 மணி. எல்லாரும் வீடு திரும்பிக் கைப்பேசியை எடுக்கும் வேளை! சர்வர் எந்த மணியில் ஓய்ந்திருக்கிறது என்பதை அதன் பதிவேட்டைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். ஒரே இயந்திரத்துக்குள் இருபது சர்வர்கள் குடியிருந்தால், இருபதுக்கும் சரியாக நள்ளிரவு 12 என்று வைத்துவிடுவதும் வழக்கத்தில் உள்ள பிழை. லயத்தில் எல்லா வீட்டாரும் ஒரே நேரத்தில் ஒரே குழாய்க்கு வந்தாற்போல ஆகிவிடும். இருபது நிமிட இடைவெளி விட்டுத் தொடங்கினால் தீர்ந்தது.

நகலெடுக்கும் வேகத்துக்குக் கடிவாளமும் போடலாம். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் நைஸ் என்றொரு கட்டளை உண்டு. அதில் 19 என்று குறித்தால், மற்ற வேலைகளுக்கு வழிவிட்டு மிச்ச நேரத்தில் நகல் எடுக்கப்படும். அதற்காக அளவுக்கு மீறி இழுத்துப் பிடிக்கலாமா? முன்பு சொன்ன ஒரு டெராபைட்டை 50 மெகாபைட் வேகத்தில் எடுத்தால், இரவு 1 மணிக்குத் தொடங்கியது காலை 6:33-க்குத்தான் முடியும். பிரட்டு நேரத்தில் பிரதி எழுதிய கதைக்கே திரும்பிவிடுவோம்.

இன்னொரு வழி, சர்வருக்கு இரட்டையாக இன்னொரு சர்வரை ஓடவிட்டு, அதிலிருந்து நகலெடுப்பது. முதல் சர்வருக்கு ஏறக்குறைய தொந்தரவே இராது. ஆயினும் அந்த இரட்டையையே காப்பு நகல் என்று நினைத்துவிடக்கூடாது. ஒன்றில் தவறுதலாக அழித்தது மறு நொடியே மற்றதிலும் அழியும்.

எடுத்த நகல் உண்மையில் உதவுமா என்பதைத் திரும்ப ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். இதைச் சுமையான சர்வரில் செய்யவேண்டியதில்லை. ஓரமாக ஒரு பழைய கணினி போதும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்னும் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவை அழித்துவிட்டார். நகல்களைத் தேடிய பிறகுதான், தினசரி நகலெடுப்பு நெடுநாளாக நடக்கவே இல்லை என்பது தெரியவந்தது. தவறு நேர்ந்தது என்று மென்பொருள் அனுப்பிய மின்னஞ்சல்களும் வந்து சேராமல் தடுக்கப்பட்டிருந்தன. வேறொரு சோதனைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்து வைத்த நகல் ஒன்று இருந்தது. அதை ஏற்றித்தான் மீண்டார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத்து வேலை போனது போனதுதான்.