பைக் பறக்க வேண்டாம்... போட்டோ பறந்தா போதும்!

"அண்ணா, எண்பதுல போனேன். ஆனா போட்டோவைப் பாருங்க, ஸ்டாண்டு போட்டு நிறுத்தி வெச்ச மாதிரியே இருக்கு. இன்னொரு ரவுண்டு நூறுல போகட்டுமா?"

போன மாதம் என் சித்தி பையன் கேட்ட கேள்வி இது. "நூறும் வேணாம், எண்பதும் வேணாம். முதல்ல வண்டியை ஓரங்கட்டு" என்று சொல்லி, அவனுக்கு விளக்கியதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

பைக் ஏன் உறைஞ்சு நிக்குது?

பெரும்பாலான போன் கேமராக்களில் லென்ஸ் துவாரத்தைச் சுருக்க முடியாது. அதனால் பளீர் வெயிலில் வெளிச்சத்தைக் குறைக்க, போன் ஷட்டர் நேரத்தைக் குறைத்துவிடும். ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் படம் பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். 80 கி.மீ வேகத்தில் போகும் பைக், அந்த நேரத்தில் நகர்வது சுமார் 2.2 செ.மீ மட்டுமே. நூறில் போனாலும் 3 செ.மீகூட வராது. அப்புறம் எப்படி வேகம் தெரியும்?

அதே ஷட்டர் விநாடியில் 30-ல் ஒரு பங்கு திறந்திருந்தால், வெறும் 20 கி.மீ வேகத்தில் போகும் பைக் சுமார் 18 செ.மீ நகர்ந்துவிடும். ஆக, போட்டோவில் வேகத்தைக் காட்டுவது ஆக்ஸிலரேட்டர் இல்லை, ஷட்டர்! அந்த ஷட்டர் செய்யாததை எடிட்டிங்கில் நாம் செய்யலாம்.

எப்படிச் செய்வது?

ஃபோட்டோஷாப் இருந்தால் நல்லது. இல்லையென்றால், பிரௌசரிலேயே இலவசமாகத் திறக்கும் ஃபோட்டோபீ போதும். லேப்டாப்பில் செய்வது வசதி.

1. படத்தின் லேயரை டூப்ளிகேட் செய்யுங்கள். மேல் லேயரில் குயிக் செலக்‌ஷன் டூலால் பைக், ஓட்டுபவர், தரையில் விழும் நிழல் மூன்றையும் செலக்ட் செய்து லேயர் மாஸ்க் போடுங்கள். நிழலும் வண்டியோடு ஓடுவதால் அதை விட்டுவிடக் கூடாது.

2. கீழ் லேயரில் பைக் இருக்கும் இடத்தைக் கொஞ்சம் அகலமாக செலக்ட் செய்து, 'எடிட்' மெனுவில் 'ஃபில்', அதில் 'கன்டென்ட் அவேர்' கொடுங்கள். பைக் மறைந்து வெறும் ரோடு மட்டும் இருக்கும். நிறைய பேர் கோட்டைவிடுவது இங்கேதான். இதைச் செய்யாமல் பிளர் போட்டால், வண்டியின் கலர் பின்னால் இழுபட்டு, பேய் மாதிரி ஒரு நிழலுருவம் தெரியும்.

3. செலக்‌ஷனை எடுத்துவிட்டு, அதே கீழ் லேயரில் 'ஃபில்டர் - பிளர் - மோஷன் பிளர்'. 'ஆங்கிள்' என்பது வண்டி போகும் திசை. சமமான ரோடு என்றால் 0, மேடு என்றால் ரோட்டின் சாய்வு. 'டிஸ்டன்ஸ்' என்பது இழுபடும் அளவு. 4,000 பிக்சல் அகலப் படத்துக்கு 100-ல் ஆரம்பித்து, கண்ணுக்குச் சரியாகும்வரை மாற்றிப் பாருங்கள்.

4. கடைசியாக, சக்கரங்கள். பின்னணி பறக்கும்போது ஸ்போக்ஸ் மட்டும் எண்ணிப் பார்க்கிற மாதிரி தெரிந்தால் குட்டு உடைஞ்சிடும். மேல் லேயரில் ஒவ்வொரு சக்கரத்தையும் வட்டமாக செலக்ட் செய்து, 'ரேடியல் பிளர்'-ல் 'ஸ்பின்' கொடுங்கள். சக்கரம் சாய்வாகத் தெரிந்தால், ஃபோட்டோஷாப்பின் 'ஸ்பின் பிளர்' பொருத்தமாக இருக்கும்.

இதெல்லாம் பக்கவாட்டில் எடுத்த படத்துக்கு. வண்டி கேமராவை நோக்கி வந்தால், பின்னணிக்கு மோஷன் பிளருக்குப் பதில் ரேடியல் பிளரில் 'ஜூம்'.

மாட்டிக்காம இருக்க...

நிறுத்திய வண்டியில் எடுத்தால் சைடு ஸ்டாண்டும், தரையில் ஊன்றிய காலும் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் காலியான இடத்தில், ஹெல்மெட் போட்டு, 20-ல் நிதானமாக ஓட்டும்போது எடுங்கள். போனின் புரோ மோடில் ஷட்டரை 30-ல் ஒரு பங்குக்கு மாற்றி, வண்டியோடு சேர்த்து போனையும் திருப்பி எடுத்தால், பின்னணி நிஜமாகவே இழுபடும். நாலைந்து முறை சொதப்பும், பழகினால் வந்துவிடும்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். இன்ஸ்டா போஸ்ட்டுக்கு இந்த எடிட் ஓகே. செய்திப் படம், விபத்துப் படம் போன்றவற்றில் இதைச் செய்தால் அது பொய்.

தம்பியின் படத்துக்கு வந்த முதல் கமென்ட் என்ன தெரியுமா? "மச்சி, எவ்ளோ ஸ்பீடுடா?" அவன் போட்ட பதில்: "இருபது!"