பாலைவனச் சாலைக்கு ஒரு புல்லட்

நகரியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மூக்கு மலை தெரியும், குசஸ்தலை ஆறு தெரியும், தறிச் சத்தம் தெரியும். பாலைவனம் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாமலே ஒரு முறை போனேன். தெரிந்துகொண்டு இன்னொரு முறை போனேன். மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போக ஆசைப்படும் பிள்ளைகள் இன்று நம் ஊரில் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று என் அனுபவத்தை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நான்கு விசைத்தறிகளும் அப்பா வாங்கிய 1986ஆம் வருடத்து புல்லட் ஒன்றும் உண்டு. 350 சி.சி., இரும்பு என்ஜின், வலது காலில் கியர். புல்லட்டுக்கும் நமக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது என்று அப்பா சொல்வார். அது பிறந்த திருவொற்றியூர் இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர்தான். 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியை ஆரம்பித்தன. அதற்கு முன்பே நம் ராணுவம் எல்லை ரோந்துக்கு இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்திருந்தது. எல்லைக்காகவே வாங்கப்பட்ட வண்டியை எல்லை வரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

முதல் பயணம்

2011 ஏப்ரல் கடைசியில் கிளம்பினேன். அக்கா மகனுக்குப் பரீட்சை முடிந்திருந்தது. வயது இருபது. "மாமா, நானும் வரேன்" என்றான். வண்டியை ரயிலில் பார்சலாக ஜோத்பூருக்கு அனுப்பினோம். (பார்சலில் போடும்போது டாங்கியில் ஒரு சொட்டு பெட்ரோல்கூட இருக்கக் கூடாது. வடித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள்.) ஜோத்பூரிலிருந்து பொக்ரான் வழியாக ஜெய்சால்மர் சுமார் 285 கிலோமீட்டர். அங்கிருந்து ராம்கட் வழியாக எல்லையோரத்துத் தனோட் சுமார் 120 கிலோமீட்டர்.

தயாரிப்பு என்று நான் செய்தது என்ன? வண்டியைக் கழுவி, ஆயில் மாற்றி, முன்னால் ஒரு கொடி கட்டினேன். அவ்வளவுதான். மண்ணோடு கிடந்த செயினை ஜெய்சால்மர் விடுதியில் முதல் நாள் இரவு கழற்றித் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் அவசரமாக மாட்டினேன்.

ராம்கட் தாண்டிய பிறகு கடையும் இல்லை, வீடும் இல்லை. இரண்டு பக்கமும் மணல், நடுவில் நேரான தார்ச் சாலை. காலை பதினொன்றரை மணிக்கு வண்டியில் 'டங்' என்று ஒரு சத்தம். என்ஜின் உறுமுகிறது, சக்கரம் இழுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் செயின் இருபது அடி பின்னால் பாம்பு போல் கிடக்கிறது. இணைப்புக் கண்ணியின் லாக் கழன்று எங்கோ தெறித்துவிட்டது. அதோடு பக்கத் தகடும் போய்விட்டது.

செயின் லாக் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மீன் வடிவத்தில், ஒரு முனை மூடியும் மறுமுனை பிளந்தும் இருக்கும் சின்ன ஸ்பிரிங் தகடு அது. சில ரூபாய்தான் விலை. அதை மாட்டுவதற்கு ஒரு திசை உண்டு. மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். அதாவது மேல் செயினில் வைத்துப் பார்த்தால் அது முன் சக்கரத்தை நோக்கி இருக்க வேண்டும். பிளந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது உரசி ஒரு நாள் கழன்றுவிடும். நான் தலைகீழாக மாட்டியிருந்தேன். இதற்கு எந்த மெக்கானிக்கையும் குறை சொல்ல முடியாது. என் கைதான் செய்தது.

மாற்று லாக் இல்லை. செல்போனில் சிக்னல் இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். பையன் "தேடிப் பாக்கறேன் மாமா" என்று தலையில் துண்டுகூட இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் மணலைச் சலித்தான். நானும் தடுக்கவில்லை. பிறகு தலை வலிக்கிறது என்றான். வாந்தி எடுத்தான். கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியது. என்னைப் பார்த்து "அம்மா" என்றான். வண்டி நிழலைத் தவிர வேறு நிழல் கிடையாது. அந்தத் துண்டு நிழலில் அவன் தலையை வைத்துக்கொண்டு சாலையின் இரு பக்கமும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்பதை எழுத இன்றும் கை வரவில்லை.

மூன்று மணி சுமாருக்கு எல்லைப் பாதுகாப்புப் படையின் வண்டி ஒன்று வந்தது. இறங்கிய ஜவான் மோட்டார் சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, "பானி கித்னா ஹை?" தண்ணீர் எவ்வளவு இருக்கிறது? நான் காலி பாட்டிலைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பையனைத் தூக்கி வண்டியில் போட்டார். ஈரத்துணி சுற்றி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைச் சிறுகச் சிறுகக் கொடுத்து, மருத்துவரிடம் சேர்த்தார்கள். பையன் பிழைத்தான்.

அந்த வெயிலை நம் ஊர்ச் சித்திரை வெயிலோடு சேர்த்து எண்ணியது என் தவறு. ஜோத்பூருக்கும் ஜெய்சால்மருக்கும் இடையிலுள்ள பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. அது வரை இந்தியாவில் பதிவான வெப்பத்தில் அதுதான் அதிகம்.

ஊர் திரும்பினோம். அக்கா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "இங்க விழுந்தா பக்கத்துல புத்தூர் கட்டு இருக்குது. அங்க எங் புள்ள விழுந்து கெடந்தா யாருடா கட்டுவாங்க?" அதன் பிறகு இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை.

கற்றுக்கொண்ட காலம்

சே குவேரா 1952ல் நண்பர் அல்பெர்ட்டோ கிரனாடோவோடு நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் தென் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியது பலருக்குத் தெரியும். அந்த வண்டி சிலி நாட்டிலேயே உயிரை விட்டது என்பதையும், அடகாமா பாலைவனத்தை அவர்கள் லாரிகளில் தொற்றிக்கொண்டுதான் கடந்தார்கள் என்பதையும் நான் படித்திருந்தும் மறந்துவிட்டேன். பயணக் கதையில் நமக்குப் பயணம்தான் மனதில் நிற்கிறது, பழுது நிற்பதில்லை.

2013 மே மாதம், பையனே வந்தான். "மாமா, மறுபடி போலாம். இந்தத் தடவ ஒழுங்கா போலாம்" என்றான். எனக்குப் பயம். ஆனால் அவன் தனியாகவோ நண்பர்களோடோ கிளம்பிவிடுவான் என்ற பயம் அதைவிடப் பெரிது. புத்தூர் ரோட்டில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பாயிடம் வண்டியை ஒப்படைத்து, "எல்லாத்தையும் பார்த்துக் குடுத்துடுங்க பாய்" என்றேன். அவர் ஸ்பேனரை என் பக்கம் நீட்டினார். "நான் செஞ்சா வண்டி நல்லா இருக்கும் சார். நீங்க செஞ்சாத்தான் அங்க நீங்க நல்லா இருப்பீங்க" என்றார்.

அந்த வார்த்தைதான் எங்கள் தயாரிப்புக்கு மூலம். எட்டு மாதம், ஞாயிறு தோறும் நாங்கள் கழற்றினோம், பாய் உட்கார்ந்து பார்த்தார். கற்றதில் முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

செயின்: மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் போட்டு, மேலே நிற்கும் எண்ணெயைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். ஈரமான எண்ணெயில் மணல் ஒட்டினால் அது சாணைக் கல் மாதிரி செயினை அரைத்துவிடும். மாற்றுக் கண்ணியும் லாக்கும் மூன்று ஜோடி வாங்கினோம். ஒன்று டூல் பையில், ஒன்று என் சட்டைப் பையில், ஒன்று அவன் பையில்.

காற்று வடிகட்டி: மணல் தூசி என்ஜினுக்குள் போனால் பிஸ்டன் வளையமும் சிலிண்டரும் தேய்ந்துவிடும். ஓடி முடித்த ஒவ்வொரு மாலையும் வடிகட்டியைக் கழற்றித் தட்ட வேண்டும். மாற்று ஒன்று கையில் இருக்க வேண்டும்.

கேபிள்கள்: கிளட்ச், ஆக்சிலேட்டர் இரண்டுக்கும் புதுக் கேபிளை, பழைய கேபிளை ஒட்டியே ஓடவிட்டு டேப் சுற்றி வைத்தோம். பழையது அறுந்தால் முனையை மாற்றி மாட்டினால் போதும், பத்து நிமிட வேலை.

மின்சாரம்: பழைய புல்லட்டில் பாயிண்ட்தான் உயிர். எமரித் தாளில் தேய்த்து, இடைவெளியை அளவுக் கம்பியால் பார்க்கப் பழகினோம். மாற்றுக் கண்டென்சர், பிளக் எடுத்துக்கொண்டோம். பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்த்தால் என்ஜினின் உடல்நிலை தெரியும். செங்கல் நிறம் என்றால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் சூடேறுகிறது என்று பொருள்.

டயர்: தார் பாலைவனத்தில் மணலைவிட மோசமான எதிரி கருவேல முள். மாற்று டியூப் இரண்டு, லீவர் மூன்று, பஞ்சர் ஒட்டும் சாமான், கால் பம்பு எடுத்துக்கொண்டோம். சாமான் இருந்தால் போதாது, கை பழக வேண்டும். கொல்லையில் முதல் முறை பின் சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்ற இரண்டு மணி நேரம் ஆனது. லீவரால் புது டியூபையே கடித்துவிட்டோம். பத்தாவது முறை இருபத்தைந்து நிமிடம். காற்றழுத்தம் சூட்டில் ஏறும் என்பதால் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.

நட்டு, போல்ட்: புல்லட்டின் அதிர்வு ஊரறிந்தது. ஒவ்வொரு நட்டையும் முறுக்கியபின், நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டோம். கோடு விலகியிருந்தால் நட்டு தளர்ந்திருக்கிறது. இப்போது தறிகளுக்கும் இதையே செய்கிறேன்.

பெட்ரோல்: டாங்கியில் பதினான்கு லிட்டர் சொச்சம் பிடிக்கும். லிட்டருக்கு 35 என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. மூட்டையும் இரண்டு ஆளும் எதிர்க்காற்றும் சேர்ந்தால் 28தான் என்று எங்கள் வெள்ளோட்டத்தில் தெரிந்தது. போக மட்டுமல்ல, திரும்பவும் பெட்ரோல் வேண்டும்.

வெள்ளோட்டம் என்றேனே, அதை யாரும் விடக் கூடாது. மே மாதக் கடைசி வெயிலில், முழு மூட்டையோடு திருப்பதி, காளஹஸ்தி, நாயுடுப்பேட்டை வரை போய்த் திரும்பினோம். அந்த ஒரு நாளில் மூன்று கோடுகள் விலகின. ஹெட்லைட் போல்ட் ஒன்று காணாமலே போனது. காணாமல் போக நாயுடுப்பேட்டை நல்ல இடம். எதிர்ப் பக்கத்திலேயே கடை இருந்தது! வீட்டுக்கு வந்ததும் மூட்டையில் பாதியை இறக்கினோம்.

மனிதன்: வண்டிக்கு இத்தனை செய்துவிட்டு ஆளை மறந்துவிடக் கூடாது. ஜனவரியைத் தேர்ந்தெடுத்தோம். அப்போது பகல் இதம், ஆனால் விடியற்காலைக் குளிர் விரலை விறைக்க வைக்கும், கையுறை அவசியம். மாலையில் மாடும் ஒட்டகமும் சாலைக்கு வரும் என்பதால் பொழுது சாய்ந்தபின் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். நேரான சாலை தூக்கத்தையும் தரும். ஆஸ்திரேலியாவின் ஏர் நெடுஞ்சாலையில் 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத சாலை உண்டு. நம் பாலைவனச் சாலை அவ்வளவு நீளம் இல்லை. ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தோம், ஆளை மாற்றி ஓட்டினோம்.

இரண்டாம் பயணம்

2014 ஜனவரி, பொங்கல் கழிந்த மறுவாரம். கிளம்பும் நாள் காலையில் அக்கா வாசலில் வந்து நின்றாள். வண்டியைச் சுற்றி வந்தாள். வெள்ளைக் கோடுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணி எத்தன லிட்டர் எடுத்துனு போறீங்க?" என்றாள். அந்த ஜவானின் கேள்வி! நான் அவளிடம் அதைச் சொன்னதே இல்லை. "ஆளுக்கு அஞ்சு லிட்டர் அக்கா, தெனமும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். இரண்டு வருடம் கழித்து என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

ஜெய்சால்மர் விடுதிக்காரரிடம், எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தோம். காசு செலவில்லாத இந்தத் தயாரிப்புதான் எல்லாவற்றிலும் பெரியது. முதல் முறை நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ராம்கட் தாண்டி பின் டயரில் முள் ஏறியது. வண்டியை ஓரம் கட்டினோம். பையன் முதலில் தலையில் துண்டைக் கட்டினான், தண்ணீர் குடித்தான், எனக்கும் கொடுத்தான். பிறகுதான் ஸ்பேனரை எடுத்தான். அரை மணி நேரத்தில் வண்டி மறுபடி ஓடியது. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து குந்தியபடி கடைசி வரை வேடிக்கை பார்த்தார்.

தனோட் போனோம். 1965 போரில் சுற்றிலும் குண்டுகள் விழுந்தும் தப்பியது என்று சொல்லப்படும் தனோட் மாதா கோவிலை எல்லைப் பாதுகாப்புப் படையினரே பராமரிக்கிறார்கள். வெடிக்காத குண்டுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். 1971 டிசம்பரில் சண்டை நடந்த லோங்கேவாலாவையும் பார்த்தோம். அங்கிருந்த ஜவான் ஒருவரிடம் பழைய கதையைச் சொல்லி, எங்களைக் காப்பாற்றியவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றேன். "அவர் எங்கே மாற்றலாகிப் போனாரோ, எங்களில் யாருக்குச் சொன்னாலும் அவருக்குச் சொன்ன மாதிரிதான்" என்றார்.

இன்றைய வண்டிகள் வேறு. 2020 முதல் புல்லட்டில் கார்புரேட்டர் கிடையாது, கம்ப்யூட்டர்தான் பெட்ரோலை அளந்து விடுகிறது. பாயிண்டும் இல்லை, கண்டென்சரும் இல்லை. ஆகவே என் பட்டியலில் பாதி பழசு. ஆனால் முள் மாறவில்லை, மணல் மாறவில்லை, தாகம் மாறவில்லை. உதவிக்கு ஆள் இல்லாத இடத்துக்குப் போகும் முன், உங்கள் வண்டியில் எது முதலில் கைவிடும் என்று கண்டுபிடித்து, அதை உங்கள் கையாலேயே ஒரு முறை கழற்றி மாட்டிவிடுங்கள். முடியாது என்று தெரிந்தால், முடிகிற நண்பர் ஒருவரோடு போங்கள்.

பையனுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. திருப்பதியில் வேலை. வாரா வாரம் புல்லட்டில் வந்து போகிறான். அவன் கிளம்பும்போதெல்லாம் அக்கா வாசலுக்கு வந்து கேட்பாள்: "டேய், செயின் லாக் பாத்தியா? எந்தப் பக்கம் பாத்து இருக்குது?"