கேட்கும் உள்ளம்

மூடன் என்று நாம் யாரைச் சொல்லுகிறோம்? எழுதப் படிக்கத் தெரியாதவனையா? பொருளில்லாதவனையா? விவிலிய நூல் இவ்விருவரையும் மூடர் என்று கூறுவதில்லை. அது மூடன் என்று பெயரிட்டே காட்டும் மனிதன் ஒரு பெருஞ்செல்வன்.

எபிரேய மொழியில் ‘நாபால்’ என்ற சொல்லுக்கு மூடன் என்பது பொருள். அப்பெயர் தாங்கிய ஒருவனுடைய வரலாறு சாமுவேல் முதல் நூலின் 25-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அவன் மாகோன் என்னும் ஊரினன். 3,000 செம்மறியாடுகளும் 1,000 வெள்ளாடுகளும் உடையவன். தாவீது அந்நாளில் அரசராகவில்லை. சவுல் மன்னனுக்குத் தப்பி, ஏறத்தாழ 600 பேருடன் பாலைநிலத்தில் அலைந்துகொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் நாபாலின் மந்தைகளுக்கு மதில்போல் காவலாயிருந்தனர். ஆட்டு மயிர் கத்தரிக்கும் விழா நாளில், சிறிது உணவு வேண்டித் தாவீது பத்து இளைஞரை அனுப்பினார். நாபாலோ, தாவீது யாரென்றே தனக்குத் தெரியாது என்றும், எசமானரை விட்டு ஓடிவரும் வேலைக்காரர் இந்நாளில் பலர் என்றும் இகழ்ந்து, அவர்களை வெறுங்கையுடன் திருப்பிவிட்டான். சினமுற்ற தாவீது 400 பேருடன் வாளேந்திப் புறப்பட்டார்.

வரப்போகும் அழிவை உணர்ந்தவன் நாபாலின் வேலையாள் ஒருவன். எனினும் அவன் தன் எசமானனிடம் செல்லவில்லை. எசமானனின் மனைவி அபிகாயிலிடம் ஓடினான். காரணத்தையும் அவனே கூறிவிடுகிறான்: எசமானனிடம் எவரும் எதையும் எடுத்துச் சொல்ல இயலாதாம்.

நேயர்களே, மூடத்தனத்துக்கு விவிலியம் தரும் இலக்கணம் அந்த ஏழை ஊழியனின் வாயில் அடங்கியிருக்கிறது. பிறர் சொல் நுழைய முடியாதபடி தன்னை அடைத்துக்கொண்டவனே மூடன்.

அபிகாயில் வேலையாளின் சொல்லுக்குச் செவிகொடுத்தாள். 200 அப்பங்களும், சமைத்த ஐந்து ஆடுகளும், 200 அத்திப்பழ அடைகளும், பிறவும் கழுதைகள்மேல் ஏற்றிக்கொண்டு விரைந்தாள். வழியில் தாவீதை வணங்கி, தன் கையால் பழி தீர்த்தால், அரசராகும் நாளில் அந்த இரத்தம் அவர் நெஞ்சை உறுத்தும் என்று எடுத்துரைத்தாள். வாளேந்தி வந்தவர், முன்பின் அறியாத ஒரு பெண்ணின் சொல்லைக் கேட்டு நின்றார். தம்மைத் தடுத்ததற்காகக் கடவுளுக்கு நன்றியும் கூறினார். நாபாலோ அன்றிரவு குடித்து மயங்கிக் கிடந்தான். மறுநாள் செய்தியறிந்ததும் அவன் நெஞ்சு கல்லாயிற்று; பத்து நாள் அளவில் மாண்டான்.

இக்கருத்து விவிலியத்தில் மீண்டும் மீண்டும் வருகிறது. சாலொமோன் அரசர் கடவுளிடம் வேண்டிப் பெற்ற ஞானத்தை எபிரேய மூலம் ‘கேட்கும் இதயம்’ என்றே குறிக்கிறது. அவர் மகன் ரெகொபெயாமோ, முதியோர் கூறிய கனிவான ஆலோசனையைத் தள்ளி, தன்னோடு வளர்ந்த இளைஞரின் கடுஞ்சொல்லை ஏற்றான். பத்துக் குலங்கள் அவனை விட்டுப் பிரிந்தன. அவனும் கேட்கத்தான் செய்தான். ஆனால் தன் மனத்துக்கு இனித்ததையே கேட்டான். அது கேள்வியாகாது.

இயேசுநாதர் கூறிய இரு வீடுகளின் உவமையும் இத்தகையதே. பாறைமேல் கட்டியவனும் மணல்மேல் கட்டியவனும் ஒரே உபதேசத்தைக் கேட்டவர்களே. மழையும் வெள்ளமும் இருவருக்கும் பொதுவே. கேட்டதை ஒருவன் செய்தான், மற்றவன் செய்யவில்லை. ஞாயிறுதோறும் ஆலயத்தில் அமர்ந்து அருளுரை கேட்டுவிட்டு, வீடு திரும்பியதும் மனைவியோ மகனோ வாய்திறக்க அஞ்சும்படி வாழ்கிறவன், எந்த நிலத்தில் வீடு கட்டுகிறான் என்பதைத் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இது கிறிஸ்தவருக்கு மட்டும் உரிய எண்ணமன்று. திருவள்ளுவரும் ‘கேள்வி’ என்ற அதிகாரத்தை 42-ஆவதாகவும், ‘அறிவுடைமை’யை அதனையடுத்து 43-ஆவதாகவும் அமைத்தார். செவி வழியே அறிவு வருகிறது என்பது நமக்குப் பழகிய உண்மையே.

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இதில் ஒரு தனிச் செய்தி உண்டு. ஊரிலிருந்தால், நாம் தவறும்போது தாத்தாவோ பெரியப்பாவோ திண்ணையில் உட்காரவைத்துக் கண்டிப்பார். இங்கு அவர்கள் இல்லை. கை நிறையச் சம்பளம் வருகிறது. நம்மைத் தட்டிக்கேட்க ஆளில்லை. நாபாலாக மாறுவதற்கு இதைவிட வசதியான நிலை வேறில்லை. நண்பருக்காகக் கடன் பத்திரத்தில் பிணைக் கையெழுத்திட விரையும்போது வேண்டாம் என்பவள் மனைவி. நம் பேச்சு புண்படுத்துகிறது என்று தயங்கிச் சொல்பவர் வேறு மொழி பேசும் அண்டை வீட்டார். நம் வழக்கம் தவறென்று காட்டுபவன் நமக்குக் கீழே வேலை செய்பவன். அபிகாயிலும் அவள் வேலையாளும் இவ்வுருவங்களில்தான் நம்மிடம் வருகிறார்கள்.

இன்றிரவு உறங்குமுன் ஒரு வினாவை நம் உள்ளத்தில் எழுப்பிப் பார்ப்போம்: என்னிடம் வந்து, ‘நீ செய்தது தவறு’ என்று அஞ்சாமல் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? ஒருவரேனும் இருப்பாராயின், அவருக்கு நன்றி சொல்வோம். ஒருவருமே இல்லையென்றால், குறை அவர்களிடமன்று. நாம் அடைத்த கதவை நாமே திறக்க வேண்டும்.