விரதத்தின் பின்பாதி: அலகு இறக்கிய உடலைப் பேணுவோம்

தைத் திங்களில் பூச நட்சத்திரம் கூடிவரும் திருநாளில், பினாங்குத் தமிழரின் பாதங்கள் யாவும் தண்ணீர்மலையை நோக்கியே நடக்கின்றன. நகரத்தார் பெருமக்களின் வெள்ளி இரதம் தலைமுறை தலைமுறையாக வலம் வருகின்றது. 2017ஆம் ஆண்டு முதல் தங்க இரதமும் எழுந்தருளுகின்றது. 2012ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட மலைமேல் அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தை அடைய 500க்கும் மேற்பட்ட படிகளை ஏற வேண்டும். அப்படிகளில் பால்குடம் ஏந்தியும், காவடி சுமந்தும், அலகு தரித்தும் வரும் மெய்யன்பர்களைக் கண்டு மனம் உருகாதார் இலர்.

அன்னை பராசக்தி முருகப்பெருமானுக்கு வேல் வழங்கிய நாள் தைப்பூசம் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. சிவகிரி, சக்திகிரி என்னும் இரு மலைகளைத் தோளில் சுமந்து வந்த இடும்பனே காவடிக்கு முன்னோடி. அவ்வழியில் அன்பர்கள் நாவிலும் கன்னத்திலும் வேல் தரிக்கின்றனர். மார்பிலும் முதுகிலும் கொக்கிகளால் சிறு பாற்செம்புகளையும் எலுமிச்சங்கனிகளையும் தாங்குகின்றனர். நாவில் வேல் தரித்தவர் மௌனம் காப்பதும் விரதத்தின் ஓர் அங்கமே.

இவ்விரதத்தின் முற்பாதியை நாம் செவ்வனே கடைப்பிடிக்கின்றோம். ஒரு மண்டலமோ, 21 நாட்களோ மரக்கறி உணவு உண்டு, தரையில் படுத்து, மனத்தையும் உடலையும் தூய்மையாக வைத்திருக்கின்றோம். ஆனால், மலையில் அலகை இறக்கிய மறுகணமே உடலை மறந்துவிடுகின்றோம். அலகு ஏந்திய உடலை ஆறும்வரை பேணுவது விரதத்தின் பின்பாதி என்பதை அன்பர்களின் சிந்தனைக்கு வைக்க விழைகின்றேன்.

தோலில் நிகழ்வது என்ன?

அனுபவம் மிக்க பெரியவர் அலகு குத்தும்போது, தோலை இரு விரல்களால் பற்றி உயர்த்தி, அதன் ஊடே கொக்கியைச் செலுத்துவார். கொக்கி தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் மட்டுமே கடக்கும், தசைக்குள் இறங்காது. அவ்விடத்தில் பெரிய இரத்தக் குழாய்கள் குறைவு. ஊசி முனையும் நுண்ணியது. ஆதலால் இரத்தம் மிகுதியாகக் கசிவதில்லை. முருகன் திருவருள் என்று அன்பர் உணர்வதற்கும் மருத்துவர் கூறும் இக்காரணத்திற்கும் பகை ஏதுமில்லை. எனினும் ஒன்றை உணர்தல் வேண்டும். இரத்தம் சிந்தாமை, கிருமி புகாமைக்குச் சான்றாகாது. குறுகலான, ஆழமான துளையில் புகுந்த கிருமி வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடக்கூடும்.

நாவிலும் கன்னத்திலும் மேலும் கவனம் தேவை. நாவின் இருபுறமும் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. நடுக்கோடே பாதுகாப்பான இடம். கன்னத்தில் முக நரம்புகளும் உமிழ்நீர்க் குழாயும் உள்ளன. எனவே, இடமறிந்து குத்தும் தேர்ந்த கையையே நாட வேண்டும்.

இன்றைய இளைஞர் சிலர் அழகுக்காகத் தோலின் மேற்பரப்பில் துளையிட்டு, உலோக அணியை மாதக்கணக்கில் அணிகின்றனர். உடல் அதனை அந்நியப் பொருளாகக் கருதி மெல்ல மெல்ல வெளியே தள்ளுவதுண்டு. நம் அலகு சில மணி நேரமே உடலில் தங்குவதால் அத்தொல்லை இல்லை. ஆனால், கொக்கிகளில் கயிறு பூட்டிப் பிறர் இழுக்கும்போது தோல் கிழியும் அபாயம் உண்டு. பற்றி இழுப்பவர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

அலகு தரிக்கும் முன்

ஓர் அன்பருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றவருக்குப் பயன்படுத்தலாகாது. மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி, உடலுக்கு வெளியே 7 நாட்கள் வரையும் உயிர்ப்புடன் இருக்க வல்லது. எலுமிச்சைச் சாற்றில் தோய்ப்பதும் கற்பூரத் தீபத்தில் காட்டுவதும் வழிபாட்டு முறையில் சிறப்புடையவை. கிருமி நீக்க அவை போதா. ஆட்டோகிளேவ் எனப்படும் நீராவி அழுத்தக் கலனில், 121 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடங்கள் வைத்தெடுப்பதே முறை. அலகு குத்துபவர் ஒவ்வோர் அன்பருக்கும் கையுறையை மாற்றுதல் நலம்.

மலேசியாவில் குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1989ஆம் ஆண்டு முதல் போடப்பட்டு வருகின்றது. அதற்கு முன் பிறந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டறிவது நன்று. இரணஜன்னி தடுப்பூசி 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். நீரிழிவு உடையோர், இதய வால்வுக் குறை உடையோர், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் ஆகியோர் மருத்துவரைக் கலந்த பின்னரே முடிவு செய்க. மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. பழைய காயம் மேடாகத் தடித்த தழும்பாக வளரும் இயல்புடையோரும் எண்ணிப் பார்க்க வேண்டும். அத்தகைய தழும்பு மிகுதியாகத் தோன்றும் இடங்கள் மார்பும் தோளும் மேல் முதுகுமே. இவர்கள் பால்குடம் ஏந்தினால் பக்தி குறைந்துவிடாது.

அலகு இறக்கிய பின்

அலகு எடுத்த துளையில் திருநீற்றை வைத்து அழுத்துவது நெடுநாளைய வழக்கம். திருநீறு நமக்கு உயிரினும் மேலானது. அதற்குரிய இடம் நெற்றி. பல கைகள் தொட்ட தட்டிலிருந்து எடுத்துத் திறந்த புண்ணுக்குள் திணிப்பது கிருமிக்கு வழிவிடுவதாகும். மஞ்சள் தூள், காப்பித் தூள், எலுமிச்சைச் சாறு ஆகியவையும் அவ்வாறே. தூய துணியால் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தால் கசிவு நிற்கும். பின்னர் நெற்றி நிறையத் திருநீறு அணிந்து கொள்ளலாம்.

வீடு திரும்பியதும் கைகளைக் கழுவி, கொதித்து ஆறிய நீராலும் மென்மையான சவர்க்காரத்தாலும் புண்ணைச் சுத்தம் செய்து, தூய கட்டுத்துணியால் மூடுக. நாளுக்கு இருமுறை இவ்வாறு செய்தல் போதும். நாவில் அலகு தரித்தவர், ஒரு குவளை வெந்நீர் ஆறிய பின் அதில் கால் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப் பின் வாய் கொப்பளிக்க வேண்டும். காரமும் சூடும் சில நாட்களுக்கு வேண்டா, புகைத்தலும் வேண்டா. துளை மூடும்வரை கடலிலும் நீச்சல் குளத்திலும் இறங்காதிருத்தல் நலம்.

மறைக்க வேண்டா

இவை அனைத்தினும் முக்கியமான ஒன்று உண்டு. புண் சீழ் பிடித்தால், “விரதத்தில் ஏதோ குறை” என்று நம்மவரிடையே எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். அச்சொல்லுக்கு அஞ்சி, காய்ச்சலையும் வலியையும் வீட்டாரிடம்கூட மறைக்கும் இளைஞர்கள் இருக்கின்றனர். மருத்துவரிடம் செல்லும் நேரத்தில் காலம் கடந்துவிடுகின்றது. கிருமி, விரதம் இருந்தவர் யார், இராதவர் யார் என்று பார்த்து வருவதில்லை. தூய்மையற்ற ஊசி தூய மனத்தவரையும் நோயாளியாக்கும். புண்பட்டவரைப் பழித்தல் முருகனடியார்க்கு அழகாகாது.

புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், வீக்கம், சீழ், காய்ச்சல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரைக் காண்க. நா வீங்கி மூச்சு தடைப்பட்டாலோ, தாடை இறுகி வாய் திறக்க இயலாவிட்டாலோ ஒரு நொடியும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைக. இரணஜன்னியின் அறிகுறிகள் பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தோன்றும். காமாலைக் கிருமியோ பல வாரங்கள் கழித்தே தன் முகத்தைக் காட்டும். எங்கே, எப்போது அலகு தரித்தோம் என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் கூறுதல் வேண்டும்.

தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள் பல இல்லங்களில் இடும்பன் பூஜை நடைபெறும். அன்று படையல் இடும் முன், காவடி எடுத்த பிள்ளையின் முதுகையும் மார்பையும் பெற்றோர் ஒருமுறை நன்கு பார்த்துவிடட்டும். துளைகள் உலர்ந்து மூடியிருந்தால் மகிழ்ச்சி. இல்லையேல் பூஜை முடித்த கையோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். காவடி சுமந்த தோள்கள் அடுத்த ஆண்டும் நலமுடன் மலையேற எல்லாம் வல்ல பாலதண்டாயுதபாணிப் பெருமான் திருவருள் புரிவானாக.