எல் டென் இலெவன்: காலால் அடுக்கும் இசை

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 2002-இல் உருவான எல் டென் இலெவன் குழுவில் இருப்பவர்கள் இரண்டே பேர். கிறிஸ்டியன் டன் பேஸையும் கிட்டாரையும் வாசிக்கிறார். டிம் ஃபோகார்ட்டி டிரம்ஸ் வாசிக்கிறார். பாடகர் கிடையாது. லாக்ஹீட் நிறுவனத்தின் எல்-1011 பயணிகள் விமானத்திலிருந்து குழுவின் பெயர் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்பவருக்கு மேடையில் ஐந்தாறு பேர் வாசிப்பதாகத் தோன்றும். ஆனால் முன்பே பதிவுசெய்த எதுவும் அங்கே ஒலிப்பதில்லை. அத்தனை அடுக்குகளும் கேட்பவர் முன்னாலேயே எழுப்பப்படுகின்றன. இக்குழுவின் பெருமையே அதுதான்.

போஸ்ட்-ராக் என்ற சொல்லை 1994-இல் பரவலாக்கியவர் பிரிட்டிஷ் விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ். ராக் வாத்தியங்களை வைத்துக்கொண்டே வழக்கமான பாட்டு வடிவத்தை விட்டு விலகி, ஒலியின் நிறத்துக்கும் நிதானமாக ஏறும் உச்சத்துக்கும் முதலிடம் தருகிற இசை அது. மின்னணு இசையின் பலம், திரும்பத் திரும்ப வரும் தாளக்கட்டு. இவ்விரண்டையும் எல் டென் இலெவன் இணைப்பது லூப் பெடல் என்ற கருவியால்.

தரையில் கிடக்கும் சிறிய பெட்டி அது. காலால் ஒருமுறை அழுத்தினால் வாசிப்பது நினைவகத்தில் பதியத் தொடங்கும். மறுமுறை அழுத்தினால் பதிந்த துண்டு நிற்காமல் சுழலும். அதன்மேல் இன்னொன்றை வாசித்துச் சேர்க்கலாம். டன்னின் வாத்தியம் ஒரே உடலில் இரு கழுத்துகள் கொண்டது: ஒன்று பேஸ், மற்றது கிட்டார். பேஸில் ஒரு துண்டைச் சுழலவிட்டு, கையை மற்ற கழுத்துக்கு மாற்றி, அதே வேகத்தில் மேல்ஸ்தாயி மெட்டைத் தொடங்கிவிடலாம்.

சிக்கல் அந்த இரண்டாவது அழுத்தலில்தான். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கு அரை விநாடி; 16 தட்டுள்ள துண்டுக்கு 8 விநாடி. கால் 0.05 விநாடி தாமதித்தால் ஒவ்வொரு சுற்றும் அவ்வளவு நீளும். டிரம்ஸ் தன் போக்கில் சென்றால் பத்தாவது சுற்று முடியும்போது ஒரு முழுத் தட்டு விலகியிருக்கும்! மற்ற குழுக்களில் எல்லோரும் டிரம்ஸைப் பின்பற்றுவார்கள். இங்கே டிரம்ஸ் லூப்பைப் பின்பற்றியாக வேண்டும். சாதாரண டிரம்ஸோடு மின்னணு டிரம்ஸையும் கையாண்டபடி ஃபோகார்ட்டி அதைச் செய்வது எளிதான வேலையல்ல.

இந்த உத்தி ஒலிநாடாக் காலத்திலேயே உண்டு. 1973-இல் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் வெளியிட்ட இசைத்தட்டில், ஒரே நாடா இரு பதிவுக் கருவிகள் வழியாக ஓடியது. முதலாவதில் பதிந்த ஒலி சில விநாடிகளில் இரண்டாவதில் கேட்டது. அங்கிருந்து மறுபடி முதலாவதுக்கே அனுப்பப்பட்டது. அந்த வேலையைத்தான் இன்று பெடல் செய்கிறது.

லூப்பில் ஒரு குறையும் உண்டு. ஒரே துண்டு சுழல்வதால் பாட்டு ஒரே இடத்தில் தேங்கிவிடும். ஒரு லூப்பை நிறுத்தி மற்றொன்றை எழுப்பியும், எஃபெக்ட்ஸ் பெடல்களால் ஒலியின் குணத்தை மாற்றியும் இருவரும் அதைச் சமாளிக்கிறார்கள். 2020-இல் மூன்று பாகமாக வந்த 'டாட்டாலஜி' ஆல்பத்தில் இந்த வீச்சு நன்றாகத் தெரியும்: முதல் பாகம் கனத்த ராக், மூன்றாவது தாளம் தளர்ந்த ஆம்பியன்ட். எழுத்துரு ஒன்றின் கதையைச் சொல்லும் 'ஹெல்வெடிகா' (2007) ஆவணப்படத்திலும் இவர்களின் இசை ஒலிக்கிறது. பாட்டுக் குரல் இல்லாததால் பேட்டிகளுக்கு அடியில் அது இடையூறின்றிப் பொருந்துகிறது.